நீலம் பாய்ந்த டிரம்

மொக்கராசுக்கு முதலில் கேடு செய்தவன் சீலமுத்து. அதற்குப் பிறகு ஊரே சேர்ந்து செய்தது என்றாலும், முதல் ஆள் அவன்தான் என்பதில் மொக்கராசுக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. காலையில் பல் விளக்கும்போதும் சரி, வீல் நட்டைக் கழற்றும்போதும் சரி, சோற்றில் கை வைக்கும்போதும் சரி, முதலில் சீலமுத்து, பிறகுதான் மற்றவர்கள் என்று வரிசை மாறாமல் நினைத்துக்கொள்வான்.

சீலமுத்து மேக்கரைப்பட்டியில் ஏலக்காய் வியாபாரி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசியில், தன் தம்பி சிவனாண்டியை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, தன்னுடைய வெள்ளைக் காரை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தான். மேக்கரைப்பட்டியில் வண்டி வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஏறும்போது எரித்த பெட்ரோலை இறங்கும்போது மிச்சம் பிடிக்க வேண்டும் என்று, மேலே செக்போஸ்ட்டைத் தாண்டியதும் கியரை நியூட்ரலில் தள்ளி, இன்ஜினையும் அணைத்துவிட்டு, வெறும் பிரேக்கை நம்பியே பதினேழு வளைவும் இறங்கி வருவார்கள். யார் சத்தமே இல்லாமல் அடிவாரம் வரைக்கும் வந்தது என்று டீக்கடையில் பெருமை பேசுவார்கள். பட்டறை வைத்திருந்த மொக்கராசு சக்கரம் சக்கரமாகத் தட்டித் தட்டிச் சொல்லிப் பார்த்தான். "ஏறின கியர்லயே இறங்குங்கப்பா. சக்கரத்துக்குள்ள இருக்கிற டிரம்மு கொதிச்சுப்போனா பிரேக்கு வழுக்கிரும்." அவர்கள் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் சீலமுத்து.

பன்னிரண்டாவது வளைவைத் தாண்டியதும் கார் நிற்க மறுத்து, கீழே இருந்த பாலத்துச் சுவரில் மோதியது. சீலமுத்துக்கு இரண்டு பல் போயிற்று. சிவனாண்டிக்கு உயிர் போயிற்று. கல்யாணமாகி எட்டு மாசம். அவனைத் தூக்குவதற்கு முன்னால், பறை நின்று, பெண்கள் மூச்சு வாங்கிய அந்தச் சின்ன இடைவெளியில், ஊர்ச் சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, சீலமுத்து கையை நீட்டினான்.

"போன வாரம்தான் இவன்கிட்ட பின் சக்கரத்துக்கு லைனிங் மாத்தினேன். இவன் கை வச்ச பிரேக்குதான் என் தம்பியைக் கொன்னுச்சு."

அவ்வளவுதான் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மொக்கராசுக்கு 'பிரேக்கறுத்தான்' என்று பெயர் வந்தது. பிரேக் வேலைக்கு ஒருத்தனும் வண்டி கொண்டுவரவில்லை. பஞ்சரும் கிரீஸும்தான் வந்தன. மகளுக்குப் பேசி முடித்த இடம் வெற்றிலையைத் திருப்பி அனுப்பியது. "டிரம்மைக் கழட்டிப் பாருங்கய்யா, வெறும் பிரேக்குல இறங்கி வந்த டிரம்மு உள்ளுக்குள்ள நீலம் பாய்ஞ்சு கெடக்கும், அது பொய் சொல்லாது" என்று அவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். கழற்றிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. காரை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய், எப்போதோ விற்றுவிட்டார்கள். இதெல்லாம்கூட அவன் தாங்கிக்கொண்டான். சிவனாண்டியின் பெண்டாட்டி போதுமணி மட்டும், அன்றிலிருந்து தினமும் காலையில் பால் வாங்கப் போகிற வழியில், அவன் பட்டறை வாசலில் நின்று, நிதானமாக, ஒரு முறை காறித் துப்பிவிட்டுப் போவாள். வைதது கிடையாது. ஒரு வார்த்தை பேசியது கிடையாது. துப்புவாள், போவாள். மழைக்காலத்திலும் குடை பிடித்துக்கொண்டு வந்து துப்பினாள். மொக்கராசு சீலமுத்திடம் வேறு எதையும் கேட்கவில்லை. சொன்ன மாதிரியே ஊர் முன்னால், அவள் காது கேட்க, "நியூட்ரலில் வந்தது நான்தான்" என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

புரட்டாசி மாதம் உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன் என்கிற டாக்சி டிரைவர் ஒரு பழைய வெள்ளைக் காரைக் கொண்டுவந்து பட்டறையில் நிறுத்தினான்.

"அண்ணே, பின்னாடி டிரம்மைத் தூக்கிட்டு டிஸ்க் போட்டுத் தரணும். முடியுமா?"

"எதுக்கு?"

"மலைக்குச் சவாரி ஓட்டுறேன். இறங்கயில அஞ்சாறு வளைவு தாண்டினா பின் பிரேக்கு செத்துருது. முன்னாடி டிஸ்க்குதான், அது நிக்குது. பின்னாடிதான் தாலியறுக்குது."

"யார் சொல்லி என்கிட்ட வந்தே?"

"யாரும் சொல்லலண்ணே. போர்டைப் பார்த்தேன், திருப்பினேன்."

மொக்கராசு சாக்கைப் பிரித்துப் பார்த்தான். மதுரையில் உடைசல் கடையில் வாங்கிய இரண்டு டிஸ்க், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு கேலிப்பர், ஒரு வால்வு. கேலிப்பரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹேண்ட் பிரேக்குக்கு லிவர் இருக்கிறதாப் பார்த்து வாங்கியிருக்கே. இல்லாததைக் கொண்டாந்திருந்தா உன்னையும் சாக்கையும் சேர்த்து அனுப்பியிருப்பேன்" என்றான். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவன் கைக்கு வந்த முதல் பிரேக் வேலை அது. ஆனால் அதை ராயப்பனிடம் சொல்லவில்லை. எதிரில் டீக்கடை நாகூர்கனி மட்டும் கண்ணாடி கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடது பின் சக்கரத்தைக் கழற்றினான். டிரம் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் ஒரே இடத்தில் அடிக்காமல் நாலு பக்கமும் தட்டி, தட்டி, மெதுவாக வெளியே இழுத்தபோது, அது கையைச் சுட்டது. கார் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சட்டி மாதிரி சுட்டது. சாக்கைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினான். விளிம்பில் மூன்று புள்ளி. கடைசல் பிடித்த ஒவ்வொரு டிரம்மிலும் அவன் உளி முனையால் குத்துகிற மூன்று புள்ளி. உள்பக்கம், வளைவு முழுக்க, மயில் கழுத்து மாதிரி நீலம். சீலமுத்து காரின் டிரம். அதற்குப் பிறகு எத்தனை பேர் எத்தனை லைனிங் மாற்றி ஓட்டியிருப்பார்களோ, அந்த நீலம் தேயவில்லை.

மொக்கராசு ஆச்சரியப்படவில்லை. டிரம் என்பது மூடின சாமான். உள்ளே போன சூட்டை லேசில் விடாது என்று அவனுக்குத் தெரியும். எவ்வளவு நாள் விடாது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வருகிறவன் போகிறவன் எல்லாரும் நீலத்தைப் பார்க்கட்டும் என்று, அதை வாய் மேலாக, ரோட்டோரத்தில் ஒரு பழைய டயரின் மேல் வைத்தான். வைத்துவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் மலையிலிருந்து இறங்கி வந்த பத்தரை மணி பஸ், டிரம்முக்கு நேராக வந்ததும் நின்றது. டிரைவர் பிரேக்கில் கால் வைக்கவில்லை; இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது; சக்கரம் மட்டும் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் வந்த சைக்கிள் நின்றது. சைக்கிளில் வந்தவன் கீழே விழவில்லை, காலும் ஊன்றவில்லை, அப்படியே நின்றான். ஏழு ஆடுகள் நின்றன. அந்தரத்தில் பறந்துவந்த ஒரு பாலிதீன் பை நின்றது. எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டு, முழித்துக்கொண்டு, நகராமல் நின்றன. மொக்கராசு எண்ணினான். சரியாகப் பதினோரு மூச்சு. பிறகு பஸ் கிளம்பிற்று, ஆடு கத்திற்று, பை பறந்தது.

பன்னிரண்டாவது வளைவிலிருந்து பாலத்துச் சுவர் வரைக்கும் பதினோரு மூச்சுத் தூரம். அன்றைக்குச் சீலமுத்து மிதித்து மிதித்துப் பிடிக்காமல் போன பிரேக் எங்கேயும் போகவில்லை, உள்ளேயே இருந்திருக்கிறது, இப்போது பிடிக்கிறது என்று மொக்கராசு புரிந்துகொண்டு, வலது பக்கச் சக்கரத்தைக் கழற்றப் போனான். அது பிற்பாடு யாரோ மாற்றிப் போட்ட சாதாரண டிரம்; பழைய இரும்பு.

மறுநாளே ஊர் அதற்குப் பழகிவிட்டது. கண்டக்டர் அந்த இடத்துக்கு 'மொக்கராசு ஸ்டாப்' என்று டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தான், எப்படியும் நிற்கிற வண்டியில் ஆள் ஏறினால் என்ன என்று. நாகூர்கனி பெஞ்சை நாலடி தள்ளிப் போட்டு, நிற்கிறவர்கள் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, பதினோரு மூச்சு முடிவதற்குள் கிளாஸைத் திருப்பி வாங்கினான். விக்கல் நிற்காத பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள், நின்றது. மூக்கில் ரத்தம் ஒழுகினவனைக் கூட்டி வந்தார்கள், நின்றது. வாய்க்கால் தகராறில் வெட்டரிவாளோடு துரத்தி வந்தவனும் துரத்தப்பட்டவனும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தபடி நின்று, இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்து, பதினோரு மூச்சு முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் நடந்து போனார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் கடிகாரத்தோடு வந்து சோதித்தார். கடிகாரமும் கூடவே நின்றதால், யாரும் நிற்கவே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மொக்கராசையும் பெண்டாட்டி பவுன்தாயியையும் மட்டும் அது நிறுத்தவில்லை. அந்த டிரம்முக்கு அவர்கள் இருவரும் எதுவும் பாக்கி இல்லை.

"நிக்கிறது கெடக்கட்டும்யா, உள்ள நீலத்தைப் பாருங்க. நியூட்ரல்ல வந்தாத்தான் இப்படி ஆகும். இதுக்கு அர்த்தம் என்னன்னு கேளுங்க" என்று மொக்கராசு ஒவ்வொருத்தனையும் பிடித்துச் சொன்னான்.

"நீலமாத்தான் மாமா இருக்கு" என்றான் நாகூர்கனி. "அது சரி, என் மாமியா வந்திருக்கு. இங்கன கொண்டாந்து நிறுத்தினா வாயும் நிக்குமா, காலு மட்டுந்தானா?"

போதுமணி பால் தூக்கோடு வந்தாள். நின்றாள். பதினோரு மூச்சும் மொக்கராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பதினோரு மூச்சுக்குள் அவன் டிரம்மைச் சாய்த்து அவள் கண்ணுக்கு நேராகக் காட்டி, "இந்தா பாரு தாயி, பாரு" என்றான். அவள் பார்க்கவில்லை. கால் விடுபட்டதும் துப்பிவிட்டுப் போனாள்.

வேலை ஒன்பது நாள் ஆயிற்று. பத்து மில்லி தகட்டில் பிராக்கெட் வெட்டி, துளையை ஒரு நூல் பிசகாமல் போட்டு, கேலிப்பரை உட்காரவைத்து, கையால் டிஸ்க்கைச் சுற்றி எங்கேயும் உரசவில்லை என்று பார்த்து, ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்துக் கட்டி, பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்திப் பிடித்து வண்டி வாலைச் சுழற்றாதபடி பின் லைனில் வால்வையும் வைத்தான். கடைசியில் பிரேக் லைனில் காற்றை எடுக்க வேண்டும். அதற்குப் பெடலை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். பவுன்தாயி சேலையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"புடிச்சுக்க. விட்ராதே."

"புடிச்சிருக்கேன்யா, உன்னையே நாப்பது வருஷமாப் புடிச்சுக்கிட்டிருக்கேன், இதையா விடப்போறேன்."

"விடு. மறுபடி மிதி."

குமிழ் விட்டு, குமிழ் விட்டு, கடைசியில் எண்ணெய் மட்டும் கம்பியாக வந்தது. மொக்கராசு காருக்கு அடியில் படுத்தபடியே சொன்னான். "நம்ம பொண்ணுக்கு வெத்தலை திரும்பி வந்தப்ப நீ இதே மாதிரி பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தே."

"அதை ஏன் இப்ப பேசுறே? காத்தை எடுய்யா."

ராயப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனே மலைக்கு ஓட்டிப் போய், ஏறின கியரிலேயே இறங்கி வந்து, அடிவாரத்தில் நிறுத்தி, டிஸ்க்குக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனான். வெட்டவெளியில் சுற்றுகிற தகடு, சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு ஆறிக்கொண்டிருந்தது. "இது மறதிக்கார இரும்பு. நல்லா ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தான். ராயப்பன் பழைய சாமான்களைக் கேட்கவில்லை. நன்றாக நிற்கிற வண்டியை ஓட்டிக்கொண்டு அவன் இந்தக் கதையை விட்டுப் போய்விட்டான்.

சீலமுத்து பத்தொன்பது வருஷமாக அந்த ரோட்டில் வந்ததில்லை; கால்வாய்க்கரை வழியாகச் சுற்றித்தான் போவான். டிரம்மைப் பற்றிக் கேள்விப்பட்ட பதிமூன்றாம் நாள், வெள்ளைச் சட்டையும் துண்டுமாக, கிழக்கிலிருந்து தன்னந்தனியாக நடந்து வந்தான். டிரம்முக்கு மூன்றடி தள்ளி நின்றான். நின்றது அவனாகத்தானா என்று அப்போது தெரியவில்லை.

"மொக்கராசு, அந்த இரும்பை என்கிட்டக் கொடுத்துரு."

"எதுக்கு?"

"எதுக்கா இருந்தா என்ன? என் கார்ல இருந்தது."

"ஓ, அது உன் கார்ல இருந்ததுன்னு தெரியுதா? நான் யார்கிட்டயும் சொல்லலையே. எப்படிக் கண்டுபிடிச்சே, நீலத்தைப் பார்த்தா?"

சீலமுத்து திரும்பிப் போகப் பார்த்தான். உடம்பு திரும்பிற்று, பாதம் திரும்பவில்லை. பத்து மூச்சு, பதினோரு மூச்சு, பன்னிரண்டு. நாகூர்கனி டீ ஆற்றுவதை விட்டுவிட்டு விரல் மடக்கினான். முப்பது. ஐம்பது. இருநூறுக்கு மேல் எண்ணத் தெரியாமல் விட்டுவிட்டான்.

"காலை விடுறா" என்றான் சீலமுத்து.

"நானா புடிச்சிருக்கேன்?" மொக்கராசு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சாவகாசமாக உட்கார்ந்தது கிடையாது. "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் ஒண்ணு சொன்னியே. இன்னைக்கும் எல்லாரும் இருக்காங்க. எப்படி இறங்கி வந்தேன்னு சொல்லு. சொன்னா அதுவா விடும்."

சீலமுத்து வாயை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் அண்ணன் மக்கள் வந்து கைத்தாங்கலாகத் தூக்கிப் பார்த்தார்கள். கடப்பாரையால் காலைச் சுற்றித் தோண்டிப் பார்த்தார்கள். மண் வந்தது, கால் வரவில்லை. தோண்டின குழியை மூடிவிட்டார்கள். டிரம்மை மினி லாரியில் ஏற்றி அணைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம் என்று ஏற்றினார்கள். பிரேக்கை ஏற்றிக்கொண்ட வண்டி எப்படி நகரும்? சாயங்காலம் வரை ஒரே இடத்தில் உறுமிக்கொண்டிருந்துவிட்டு, இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மொக்கராசு கையால் தூக்கினால்தான் அது ஊரைவிட்டுப் போகும் என்பது எல்லாருக்கும் விளங்கிற்று. அவன் தூக்கமாட்டான் என்பதும்.

முதல் வாரம் மொக்கராசுக்குச் சோறு ருசித்தது. வெயிலில் சீலமுத்தின் சட்டை நனைந்து காய்ந்து நனைவதைப் பார்த்துக்கொண்டே பஞ்சர் ஒட்டினான். ஒரு ஈ அவன் மூக்கில் உட்கார வந்து, பதினோரு மூச்சு அந்தரத்தில் நின்று, பிறகு உட்கார்ந்ததைப் பார்த்துப் பவுன்தாயியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை.

ஆனால் அந்த ஊருக்கு எதையும் எடுத்துத் தனக்கு வேண்டிய மாதிரி மடித்து வைத்துக்கொள்ளத் தெரியும். வெயில் அடிக்கிறது என்று சீலமுத்துக்கு மேலே ஒரு கீற்றுப் பந்தல் போட்டார்கள். உட்கார முக்காலி கொடுத்தார்கள். காலைக் கடனுக்குச் சாக்கு மறைப்புக் கட்டினார்கள். அவன் நின்ற இடத்திலேயே ஏலக்காய் ஏலம் நடத்தினான். நகர முடியாதவன் எடை போட்டு ஏமாற்றிவிட்டு ஓட முடியாது என்று நம்பிச் சனம் அவனிடமே கொண்டுவந்து கொட்டிற்று. போதுமணி மூன்று வேளையும் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்து, புருஷனின் அண்ணன் என்று கூச்சம் பார்க்காமல், அவன் கை ஓய்ந்துபோன நாளில் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். அதனால் துப்புவதும் நாளைக்கு மூன்று முறை ஆயிற்று.

மாசக் கடைசியில் மலைக்காரப் பெண் ஒருத்தி தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று சீலமுத்தைக் கேட்டாள். ஒற்றைக்காலில் நிற்கிற சாமியைக் கேட்கிற மாதிரி கேட்டாள். "போ, அமையும் போ" என்று எரிச்சலில் சொன்னான். அமைந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பது பேர் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்தார்கள். 'நின்ற ஐயா' என்று பெயர் விழுந்தது. பிரேக்கறுத்தான் வாசலில் நின்ற ஐயா. மாலை போட்டார்கள். திருநீற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு போதுமணி பக்கத்தில் நின்றாள். டிரம்மைக் கவிழ்த்து வைத்து, மஞ்சள் பூசி, அதன் முதுகில் விளக்கு ஏற்றினார்கள். நீலம் உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு காலையிலும் மொக்கராசு விளக்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டிரம்மை நிமிர்த்தி, மண்ணெண்ணெய்த் துணியால் மஞ்சளைத் துடைப்பான். ஒவ்வொரு பத்து மணிக்கும் அவர்கள் கவிழ்ப்பார்கள்.

"சாமிக் குத்தம் மாமா" என்றான் நாகூர்கனி. அவனுக்கு இப்போது மூன்று பெஞ்சு.

"எந்தச் சாமி? அவனா? என்னைக் கொன்னவன்டா அவன்."

"நீங்க உசுரோடத்தானே இருக்கீங்க."

பவுன்தாயி சொல்லிப் பார்த்தாள். "ஏய்யா, எடுத்துக் கிணத்துல போட்டுட்டு வா. அவன் போகட்டும். நம்ம வாசல்ல அவனுக்கு மாலை விழுறதைப் பார்க்கிறதுக்கா இத்தனை வருஷம் இருந்தோம்?"

"போட்டா அவன் நடந்து போயிருவான். சொல்லாமப் போயிருவான்."

"சொல்லித்தான் என்ன ஆகப்போகுது?"

"அந்தப் பொம்பளை எச்சி முழுங்கணும். ஒரே ஒரு தடவை. என்னைப் பார்த்துட்டு, துப்பாம எச்சி முழுங்கிட்டுப் போகணும்."

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பெருமழை பிடித்தது. வரிசையில் நின்றவர்கள் சிதறி டீக்கடைக்குள்ளும் பஸ்ஸுக்குள்ளும் ஓடினார்கள். போதுமணி தட்டை முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். மழைத்துளிகள் டிரம்முக்கு நேராக வந்ததும் பதினோரு மூச்சு அந்தரத்தில் தொங்கி, பாசிமணித் திரை மாதிரி நின்று, பிறகு விழுந்தன. அந்தத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சீலமுத்து கை காட்டிக் கூப்பிட்டான். மொக்கராசு போனான். நாற்பது நாளில் சீலமுத்து ரொம்பக் கிழவனாகியிருந்தான். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"நியூட்ரல்லதான் வந்தேன்" என்றான். மழைச் சத்தத்தில் மொக்கராசுக்கு மட்டும் கேட்டது. "சாவியையும் திருப்பிட்டேன். சிவனாண்டி சொன்னான், அண்ணே, கியர்ல போடுண்ணே, மொக்கராசண்ணன் சொல்லியிருக்காப்லன்னு. சும்மா இருடா, செக்போஸ்ட்லருந்து அடிவாரம் வரைக்கும் ஒரு சொட்டு குடிக்காம இறக்கிக் காட்டுறேன் பாருன்னேன். அதுதான் அவன்கிட்டப் பேசின கடைசிப் பேச்சு."

மொக்கராசு முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைக் கையால் வழித்துவிட்டான்.

"கேட்டுட்டேல்ல? போதும்ல? காலை விடச் சொல்லு."

"எனக்குத் தெரிஞ்ச சேதியை எனக்கே சொல்றியா? இது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரியாதவங்ககிட்டச் சொல்லு. சனம் வரட்டும். அவ வரட்டும்."

"அவகிட்டயா?" சீலமுத்து சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான், அழுகைதான் அப்படி வந்தது. "எனக்கு ஊட்டி விடுறாப்பா அவ. புருஷனைக் கொன்ன கைன்னு தெரிஞ்சா என்ன செய்வா? உன்னையாவது துப்புறதோட விட்டா. உனக்கு அது பழகிப்போச்சு. நான் எப்படித் தாங்குவேன்?"

மொக்கராசு குனிந்து அவன் பாதத்தைப் பார்த்தான். ஒரு நூல்கூட அசையவில்லை. அப்படியானால் டிரம்முக்கும் இது போதவில்லை என்று தெரிந்துகொண்டான். அந்த நேரத்தில் அவன் மனசில் இரக்கம் மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது உண்மைதான்; வீங்கின கணுக்காலைத் தொட்டுப் பார்க்கக் கைகூடக் கொஞ்சம் நீண்டது. 'பழகிப்போச்சு' என்ற சொல் அப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தது. கையை இழுத்துக்கொண்டான்.

"சீலமுத்து, ஏழாயிரம் தடவை துப்பினாலும் பழகாதுப்பா அது. ஒவ்வொண்ணும் புதுசு. நீ நின்னு பாரு."

மழை விட்டது. வெள்ளிக்கிழமை என்பதால் சனம் திரும்பி வந்து வரிசை பிடித்தது. வரிசை பட்டறையைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, ரேஷன் கடை வரைக்கும் போயிற்று. போதுமணி ஈரத் தலையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, வழக்கம்போல வாசலில் துப்பிவிட்டு, சீலமுத்துக்குப் பக்கத்தில் நின்றாள். மொக்கராசு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். சட்டை மாற்றினான். தெருவில் இறங்கி, வரிசையின் கடைசியில், ரேஷன் கடை ஓரத்தில் போய் நின்றான். சனம் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு, "பிரேக்கறுத்தான் மனசு திருந்திட்டான்யா" என்று சந்தோஷப்பட்டது. ஒரு கிழவர் அவனுக்கு முன்னால் இடம் விட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஆளுக்குப் பதினோரு மூச்சு. வரிசை மெதுவாக நகர்ந்தது. அவன் முறை வந்தபோது பொழுது மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. சீலமுத்துக்கு முகத்துக்கு முகம் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "நான் வந்திருக்கேன். இவங்க எல்லாரும் இருக்காங்க. சொல்லு."

பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்தான். சீலமுத்தின் வாய் திறந்தது. தொண்டைக்குள் ஏதோ ஏறி வருவதை மொக்கராசு பார்த்தான்; நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டியதையும் பார்த்தான்; முதல் எழுத்து உருவாகிவிட்டது என்றுகூட அவனுக்குத் தோன்றிற்று. அப்போது போதுமணி, மாமா களைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்து, முந்தானையால் அவன் நெற்றி வேர்வையை ஒற்றி எடுத்தாள்.

சீலமுத்து வாயை மூடிக்கொண்டான். தட்டில் விரலை வைத்து, ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, மொக்கராசின் நெற்றியில் பூசினான்.

கூட்டம் "ஐயா" என்றது. மொக்கராசு தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தான், ஒரு பொடி மிச்சமில்லாமல் துடைத்தான், துண்டை உதறினான். பிறகு திரும்பி, பட்டறையைத் தாண்டி, பஸ்ஸைத் தாண்டி, ரேஷன் கடை வரைக்கும் நடந்து போய், வரிசையின் கடைசியில் மறுபடியும் நின்றுகொண்டான்.